அனுப்புநரும் பெறுநரும்

அக்கா உயிரோடு இருந்திருந்தால், இதை எழுதி முடித்ததும் முதலில் எனக்கே தபாலில் போட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பார். வந்ததைப் பிரித்து, மேசையில் மூன்று நாள் வைத்திருந்து, வாடாமல் கிடக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு அனுப்பலாம் என்பார். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை அனுப்புநர் இடத்தில் ஒருமுறையும் பெறுநர் இடத்தில் ஒருமுறையும் எழுதிய பெட்டிகளை ஐந்து வருடம் தூக்கித் திரிந்தவன் நான். எனக்கு அது போதும்.

ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில், நோயாளிகளை ஏற்றி இறக்கும் கார் ஓட்டுகிறேன். திங்கள், புதன், வெள்ளி காலையில் என் நோயாளிகளில் ஒருவரான அக்காவை டயாலிசிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோவேன். அங்கே நான்கு மணித்தியாலம் அவருடைய இரத்தம் ஒரு இயந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். மத்தியானம் வீட்டில் கொண்டுபோய் இறக்குவேன். வேலை அவ்வளவுதான். ஆனால் இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமில்லாத ஆளை இந்த ஊரில் தேடிப் பிடிக்க முடியாது. எனக்குப் பதற்றமும் பதகளிப்பும் உடம்போடு பிறந்தவை. காரில் மஞ்சள் விளக்கு எரிந்தால் எனக்கு வியர்க்கும். அரசாங்க உறை ஒன்று வந்தால், அதைப் பிரிப்பதற்கு முன்பு அலுமாரிக்கு மேலே கிடக்கும் சூட்கேசைத்தான் பார்ப்பேன். நான் இந்த நாட்டுக் குடியுரிமை எடுத்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. ஒருமுறை நெஞ்சு அடைக்கிறதென்று எனக்கே அம்புலன்ஸ் கூப்பிட்டேன். வந்த பெண் என் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். கடலைக்கறி. இன்னொருமுறை ஒரு நோயாளிக்கு மூச்சு வாங்குகிறதென்று பறந்துபோய், அவரைக் காரில் விட்டுவிட்டு நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குள் ஓடிவிட்டேன். அவசரப் பிரிவில் என்னைப் படுக்க வைத்துவிட்டார்கள்.

இப்படிப்பட்டவனை அக்கா எடுத்த எடுப்பில் நம்பியிருந்தால்தான் ஆச்சரியம். முதல் நாள் ஆறு மணிக்கு வரச்சொல்லியிருந்தார். ஐந்து ஐம்பதுக்கே போய் நின்றேன். மூன்றாம் மாடியில் சமையலறை ஜன்னல் மட்டும் வெளிச்சமாக இருந்தது. திரை ஒருமுறை அசைந்தது. ஆள் இறங்கவில்லை. ஆறு இருபதுக்கு, மேலே ஏதோ நடந்துவிட்டது என்று நான் முடிவுகட்டி, அம்புலன்சா பொலிசா முதலில் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கதவைத் திறந்துகொண்டு மெதுவாக வந்தார்.

"அக்கா, ஆறு மணி எண்டல்லோ சொன்னியள்?"

"ஓம். வெளிக்கிடுறது ஆறரைக்குத்தான். நீர் எத்தினை மணிக்கு வாறனீர் எண்டு பாத்தனான்."

"அப்ப இனி ஆறரைக்கு வரட்டோ?"

"ஒருநாளிலை என்ன தெரியும்? இன்னும் ரெண்டு நாள் பாப்பம்."

நான்காம் தடவையிலிருந்துதான் எனக்கு ஆறரை மணி அனுமதிக்கப்பட்டது.

அந்தச் சமையலறை ஜன்னலில் இருந்தவை ஆபிரிக்க வயலட் செடிகள். உள்ளங்கையளவு செடி, வெல்வெட் துணிபோல மயிர் படர்ந்த தடித்த இலை, நடுவில் ஊதாவும் வெள்ளையும் ரோசாவுமாகச் சின்னப் பூக்கள். ஜன்னலில் இடம் போதாமல், சுவரில் தட்டடித்துக் குழல்விளக்குப் போட்டு அதன் கீழும் வைத்திருந்தார். இந்தச் செடிக்கு விதை தேவையில்லை. ஒரு இலையைக் காம்போடு வெட்டி யோகட் கோப்பை மண்ணில் குத்திவைத்தால், இரண்டு மூன்று மாதத்தில் அடியிலிருந்து குஞ்சுகள் கிளம்பும். அதனால் செடி வளர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் இலைகளைத்தான் தபாலில் அனுப்பிக்கொள்வார்கள். ஏப்ரல் தொடங்கி ஒக்டோபர்வரை அக்காவின் இலைகள் ஜேர்மனி முழுக்கப் பயணம் செய்தன. நவம்பரில் கடையைச் சாத்திவிடுவார். குளிர்பட்ட இலை பொல்லாதது. பெட்டியைப் பிரிக்கும்போது பச்சையாக, ஒன்றும் நடக்காததுபோலச் சிரித்துக்கொண்டிருக்கும். இரண்டாம் நாள் ஓரம் கறுத்துக் கண்ணாடிபோலாகும். மூன்றாம் நாள் அவித்த கீரை. ஆகவே எந்த இலை வந்தாலும், போனாலும், மூன்றாம் நாள் முடியும்வரை அது நல்லாயிருக்கிறதென்று அக்கா சொல்லமாட்டார். இலைக்கு மட்டுமல்ல. அவருடைய மகனுக்கு இலண்டனில் வேலை கிடைத்தது என்று சொன்னபோது நான் வாழ்த்துச் சொன்னேன். "மூண்டு நாள் போகட்டும்" என்றார்.

அவர் தனக்கே பெட்டி அனுப்புகிறவர் என்பது எனக்குத் தெரியவந்த விதத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு திங்கட்கிழமை மத்தியானம், திரும்பும் வழியில், தபாலகத்துக்கு முன்னால் நிறுத்தச்சொல்லி ஒரு பெட்டியைக் கையில் தந்தார். கால் ஏலாது, நீரே போட்டுவிட்டு வாரும் என்றார். வரிசையில் நின்றபடி விலாசத்தைப் பார்த்தேன். அனுப்புநர் அக்கா. பெறுநரும் அக்கா. அதே வீதி, அதே இலக்கம், அதே மூன்றாம் மாடி.

ஒரு சாதாரண மனிதன் திரும்பி வந்து கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. அக்காவுக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது என்று வரிசையிலேயே தீர்மானித்து, புதன்கிழமை டயாலிசிஸ் நர்ஸிடம் இரகசியமாகச் சொல்லிவிட்டேன். அவள் கடமை தவறாதவள். அக்கா இயந்திரத்தில் கட்டுண்டு கிடந்த நேரமாகப் பார்த்து, ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, ஒரு மணிக்கூடு வரைந்து பதினொன்று பத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறாள். அக்கா வரைந்து கொடுத்துவிட்டு, உங்கள் சுவர் மணிக்கூடு நான்கு நிமிடம் பிந்தி ஓடுகிறது, கவனித்தீர்களா என்று கேட்டிருக்கிறார்.

அன்று காரில் ஏறியதும் கதவைச் சாத்தவில்லை.

"நர்ஸிட்டைச் சொன்னது நீரோ?"

"ஓம் அக்கா. பயந்துபோனன்."

"என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

"கேக்கப் பயமாயிருந்தது."

"நல்ல காலம், நீர் டொக்டருக்குப் படிக்கேல்லை" என்று கதவைச் சாத்தினார். பிறகு, வீடு வந்துசேரும்வரை, எனக்கு முன்னாலிருந்த கண்ணாடியைப் பார்த்துப் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

முப்பது வருடங்களுக்கு முன்பு, லைப்சிக்குக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தில் அகதிகளை வைத்திருந்தார்கள். எல்லோரும் ஹைம் என்று சொல்லும் அந்த விடுதிக்கு ஒரேயொரு தபால் பெட்டி. சாவி காவலாளியிடம். அவன் நல்ல மூடில் இருந்தால் கடிதம் அன்றைக்கே கைக்கு வரும்; இல்லாவிட்டால் மேசை லாச்சிக்குள் கிடக்கும். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு தபாலில்தான் வரும். இல்லை என்று வந்தால், மேன்முறையீடு செய்ய இரண்டு வாரம்.

"பக்கத்து அறையிலை ஒரு பெடியன் இருந்தவன். நல்லாப் பாடுவான். அவன்ரை கடிதம் லாச்சிக்கை கிடந்தது. கையிலை குடுக்கேக்கை பதினேழு நாள். பிறகென்ன, ஒரு விடியக்காலமை வந்து ஏத்திக்கொண்டு போனாங்கள்."

"அவர் இப்ப எங்கை அக்கா?"

"தெரியாது." மடியில் கிடந்த பையை நிமிர்த்தி வைத்தார். "அதுக்குப் பிறகு நான் ஒவ்வொரு கிழமையும் எனக்கு ஒரு கடிதம் போட்டனான். திங்கள் போட்டா செவ்வாய், புதன் கைக்கு வரோணும். வரேல்லையெண்டா லாச்சிக்கை கிடக்குது எண்டு விளங்கும். போய்ச் சண்டை பிடிப்பன். அப்ப மற்ற ஆக்களின்ரை கடிதங்களும் வெளியிலை வரும்."

"என்ன எழுதுவியள்?"

"என்னத்தை எழுதுறது? வெறுந்தாள்தான். தாளுக்கும் காசெல்லோ. திரும்பத் திரும்ப அதே தாள். இப்ப இலையளை அப்பிடிப் போட்டுப் பாக்கிறன்."

அந்த விடுதியில் துணி துவைக்கும் வேலைக்கு வந்த ஒரு ஜேர்மன் பெண்மணி, தன் பெயரைத் தானே எழுதிய உறையை இந்தப் பெண் வாரம்தோறும் வாங்கிப்போவதைக் கவனித்திருக்கிறார். ஏன் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். அன்றிலிருந்து காலையில் வந்ததும் முதல் வேலையாகக் காவலாளியின் லாச்சியைத் திறந்து கடிதங்களை எடுத்து அறை அறையாகக் கொடுத்தார். அக்காவுக்குச் சாதகமான முடிவு வந்த உறையையும் அவர்தான் கொடுத்தார். அக்கா அங்கிருந்து புறப்பட்டபோது, ஈரத்துணியில் சுற்றிய ஒரு வயலட் இலையையும் கொடுத்தார். அவருடைய கணவர் விதைபோட்டு உருவாக்கிய செடி. வெள்ளைப் பூ, ஓரம் மட்டும் மையில் தோய்த்ததுபோல நீலம். கடைகளில் கிடையாது, பெயரும் கிடையாது. அக்கா அந்தச் செடியில் "லைப்சிக்" என்று தமிழில் எழுதிய பட்டியைக் குத்திவைத்திருந்தார். அதைக் கொடுத்தவரை லைப்சிக் அம்மா என்பார்.

போன டிசம்பரில் லைப்சிக் அம்மாவின் முதியோர் இல்லத்திலிருந்து தொலைபேசி வந்தது. அம்மாவுக்குத் தொண்ணூற்று மூன்று. வீட்டைக் காலிசெய்து இல்லத்துக்குக் கொண்டுவந்தபோது செடியைப் பல்கனியில் மறந்துவிட்டார்கள். ஒரே இரவில் உறைந்துபோயிற்று. கணவர் உருவாக்கிய செடி உலகத்தில் இனி ஓரிடத்தில்தான் இருக்கிறது. ஒரு இலை அனுப்ப முடியுமா என்று பராமரிப்பாளப் பெண் கேட்டாள்.

அக்காவின் செடியும் அப்போது நல்ல நிலையில் இல்லை. வெள்ளைப்பூச்சி பிடித்து, துடைத்து, வெட்டி, ஆறே ஆறு இலைகளோடு நின்றது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே எட்டுப் பாகை.

"அக்கா, நான் காரிலை கொண்டுபோய்க் குடுத்திட்டு வாறன். நாலரை மணித்தியாலம்."

"உம்மடை ஓட்டத்திலை இலை பயத்திலையே செத்துப்போம்."

"பகிடி விடாதையுங்கோ. மார்ச் மட்டும் அந்த அம்மா இருப்பாவோ தெரியாது."

"தெரியும் தம்பி. அதுக்காக, சாகக் கிடக்கிற மனிசிக்குச் செத்த இலையை அனுப்பச் சொல்லுறீரோ?" பிறகு குரலை இறக்கி, "நீர் கொண்டுபோனா ஒருக்காத்தான் போகும். பெட்டி சரிவந்தா எப்பவும் போகும்" என்றார்.

பெட்டியைச் சரிவரச் செய்வதற்காக ஜனவரி முழுக்கத் தனக்கே அனுப்பினார். வேறு செடியின் சாதாரண இலைகள். முதல் பெட்டியில் இலைக்காம்பை ஈரத்தாளில் சுற்றி, பொலித்தீன் பையில் காற்றை ஊதிக் கட்டி, சுற்றிலும் பத்திரிகைக் கடதாசியைக் கசக்கி அடைத்திருந்தார். மூன்றாம் நாள் கீரை. இரண்டாவது பெட்டிக்கு உட்புறம் வெள்ளை ரெஜிஃபோம் நுரைப்பலகை வைத்து, குளிருக்குக் கையுறைக்குள் வைக்கும் சூட்டுப்பை ஒன்றையும் பிளாஸ்டிக்கில் இறுகக் கட்டிப் போட்டார். சூட்டுப்பை சுடவேயில்லை. இலை கறுத்தது. "அதுக்கும் காத்து வேணும், பாத்தீரோ? மூச்சை அடைச்சா அது என்னெண்டு சுடும்?" என்றார். மூன்றாவதில் பெட்டிக்குச் சிறு துளைகள் போட்டு, சூட்டுப்பையை மூடியின் உட்புறம் ஒட்டி, இலைக்கும் அதற்கும் நடுவே நான்கு மடிப்புப் பத்திரிகை வைத்தார். அது வந்து, மூன்று நாள் கிடந்து, பச்சையாகவே இருந்தது.

"அப்ப சரி. திங்கட்கிழமை லைப்சிக்குக்குப் போடுவம்" என்றேன்.

"இது நல்ல நாளிலை போட்டது. கெட்ட நாளிலை போட்டுப் பாக்கோணும்."

கெட்ட நாள் என்பது வெள்ளிக்கிழமை. வெள்ளி மத்தியானம் போட்டால் பெட்டி சனி, ஞாயிறு எங்காவது ஒரு கிடங்கில் குளிருக்குள் கிடக்கும். அந்த வெள்ளிக்கிழமை நான்காவது பெட்டியை நானே கொண்டுபோய்ப் போட்டேன். வழக்கம்போல அனுப்புநர் அக்கா, பெறுநர் அக்கா.

சனிக்கிழமை அக்காவுக்கு மூச்சுமுட்டு வந்தது. அம்புலன்சைத் தானே கூப்பிட்டு, பையை வாசலில் வைத்து, கதவைத் திறந்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்திருந்தாராம். ஞாயிற்றுக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூக்கில் குழாய். நான் அழுதுவிடுவேன் போலிருந்ததால் பகிடி விட்டேன்.

"என்ன அக்கா, என்னை விட்டிட்டு வேற ஆளின்ரை காரிலை வந்திட்டியள்?"

"அவங்கள் வலு மெதுவா ஓடுறாங்கள்." மூச்சு வாங்கியது. "வீட்டுத் திறப்பை எடும். செடியளுக்கு ஒண்டும் செய்யாதையும். தண்ணியும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை பாப்பம்."

செவ்வாய்க்கிழமை என்ன என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பயமாயிருந்தது.

அன்று பின்னேரம் லைப்சிக் இல்லத்துப் பெண் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். அக்கா எப்போதும் இயந்திரத்தில் இருப்பதால் என் இலக்கத்தையும் கொடுத்து வைத்திருந்தார். லைப்சிக் அம்மாவுக்குக் காய்ச்சல், சளி நெஞ்சில் இறங்கிவிட்டது என்றாள். இலையைப் பற்றி இரண்டு தரம் கேட்டாராம்.

இனி நடந்ததை நான் யாருக்கும் சொன்னதில்லை. ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் லைப்சிக் அம்மா, இரண்டு பேரும் செவ்வாய்க்கிழமைக்குள் போய்விடப் போகிறார்கள் என்று என் மண்டைக்குள் ஒரு சங்கு ஊதத் தொடங்கியது. திங்கட்கிழமை விடிந்ததும் அக்காவின் சமையலறைக்குப் போனேன். லைப்சிக் என்று எழுதிய செடியில் ஆறு இலை இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஐந்துதான் இருந்தது. அதை யோசிக்க எனக்கு நேரமில்லை. ஒரு இலை போதும். ஆனால் ஒன்று போய் அது பழுதாகிவிட்டால்? இரண்டு வெட்டினேன். இரண்டும் பழுதாகிவிட்டால்? ஐந்தையும் வெட்டினேன். கிளம்பும்போது திரும்பிப் பார்த்தால், மொட்டைத் தண்டு பாவமாக நின்றது. தாகமாயிருக்கும் என்று குழாயைத் திறந்து நன்றாகத் தண்ணீர் விட்டேன்.

சூட்டுப்பை ஒன்று வைத்தால் குளிர் தாங்கும் என்றால், மூன்று வைத்தால் இன்னும் நன்றாகத் தாங்கும். இதுதான் என் கணக்கு. துளை போடச் சொன்னது நினைவிருந்தது. பத்துத் துளை போட்டேன். பத்திரிகை மடிப்பு நினைவில்லை. மூன்று சூட்டுப்பைக்கும் நடுவே ஐந்து இலைகளையும் படுக்கவைத்து, குழந்தையைப் போர்த்துவதுபோலச் சுற்றி, மறுநாளே சேரும் விரைவுத் தபாலில் போட்டேன். வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்தபோது, வாழ்நாளில் முதல் தரம் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்த நிம்மதி வந்தது.

செவ்வாய் மத்தியானம் இல்லத்துப் பெண் அழைத்தாள். மிகவும் மரியாதையாகப் பேசினாள். பெட்டி வந்தது, இன்னும் சூடாக இருந்தது என்றாள். உள்ளே இருந்தது இலையா அல்லது வேறு ஏதாவது சாப்பாடா என்று கேட்டாள்.

நான் அவித்துவிட்டேன். எல்லோரும் குளிரில் கொல்லும் இலையை நான் சூட்டில் கொன்றேன்.

அக்காவின் வீட்டுக்கு ஓடினேன். தண்டைத் தொட்டேன். அடியில் மெத்தென்று அழுகியிருந்தது. ஒரு நாளில் அழுகுமா என்று கேட்பீர்கள். குளிர்ந்த தண்ணீரும் வெட்டுக்காயமும் சேர்ந்தால் அழுகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். முப்பது வருடம் பூத்த செடியை முடித்துவைக்க எனக்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது.

எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். லிஃப்டில் வசனம் பாடமாக்கினேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். காலடிச் சத்தத்திலேயே ஆளைப் பிடித்துவிட்டார்.

"என்ன பறந்து வாறீர்?"

"அக்கா, நான் லைப்சிக்குக்கு இலை அனுப்பிட்டன்."

கண்ணைத் திறந்து பார்த்தார்.

"எத்தினை வெட்டினீர்?"

"ஒண்டு."

"சூட்டுப்பை இலையிலை முட்டாமல் வச்சனீரோ?"

"ஓம்."

"போய்ச் சேந்திட்டுதோ?"

"இண்டைக்குச் சேந்திட்டுதாம். பச்சையா இருக்காம்."

மூன்று கேள்வி. இரண்டரைப் பொய். அக்காவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மகிழ்ச்சியுமில்லை, சந்தேகமுமில்லை.

"இண்டைக்கு முதல் நாள்தானே" என்றார். "இன்னும் ரெண்டு நாள் கிடக்கு." பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "என்ரை பெட்டியும் இண்டைக்கு வரோணும். எடுத்து வையும். பிரியாதையும்" என்றார்.

புதன்கிழமை பின்னேரம் அக்கா போய்விட்டார். இரண்டாம் நாள்.

பெட்டியை எடுக்க நான் முயலாமல் இல்லை. தபால் பெட்டிக்குள் ஒரு துண்டு கிடந்தது: வீட்டில் ஆளில்லை, பொதி கடையில் இருக்கிறது, அடையாள அட்டையோடு வந்து பெற்றுக்கொள்ளவும். கடைக்காரன் பெறுநரே வரவேண்டும் என்றான். பெறுநர் அப்போது ஆஸ்பத்திரியின் நிலக்கீழ் மாடியில் இருந்தார். இன்னொரு பரிசோதனைப் பெட்டிதானே, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இலண்டனிலிருந்து மகன் வந்தார். தகனம் முடிந்தது. நான்கு நாளில் அவர் திரும்பவேண்டும். மாத முடிவில் வீட்டை ஒப்படைக்கும்வரை வீட்டுச் சாவியை என்னிடமே விட்டுவைத்தார். செடிகளை என்ன செய்வது என்று கேட்டேன். எறிந்துவிடுங்கோ அண்ணை என்றார். பிறகு ஒரு செடியைக் கையில் எடுத்துச் சற்றுநேரம் வைத்திருந்துவிட்டு, அதே தட்டில் திரும்ப வைத்தார். அவற்றை நான் டயாலிசிஸ் நிலையத்து ஜன்னல்களில் கொண்டுபோய் வைத்தேன். மணிக்கூடு வரையச் சொன்ன நர்ஸ்தான் இடம் ஒதுக்கித் தந்தாள்.

வெள்ளிக்கிழமை போட்டுப் பன்னிரண்டு நாள் கழிந்து, அக்கா வீட்டுக் கீழ்மாடியில் இருக்கும் துருக்கிப் பெண் என்னைக் கூப்பிட்டு ஒரு பெட்டியைத் தந்தாள். மேலே மஞ்சள் ஒட்டுத்தாள். பெறுநர் வந்து எடுக்கவில்லை. அனுப்புநருக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது.

மூன்றாம் மாடிக்கு ஏறி, வெறுமையான சமையலறையில் நின்றுகொண்டே பிரித்தேன். மூடியில் ஒட்டிய சூட்டுப்பை எப்போதோ ஆறிப்போயிருந்தது. நான்கு மடிப்புப் பத்திரிகை. ஊதிக் கட்டிய பையில் காற்றுக் குறைந்திருந்தது. உள்ளே ஒரு இலை, கொஞ்சம் வாடி, ஆனால் பச்சையாக. காம்பைச் சுற்றிய ஈரத்தாளோடு சேர்த்து ஒரு பட்டி. பென்சிலால் எழுதியிருந்தது: லைப்சிக்.

ஆறாவது இலை. மற்றச் செடியின் இலையை அனுப்பிப் பார்ப்பது உண்மையான பரிசோதனை இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கெட்ட நாளுக்கு அந்த இலையையே அனுப்பியிருந்தார். செவ்வாய்க்கிழமை பாப்பம் என்றது இதைத்தான்.

உடனே காரை எடுத்து லைப்சிக்குக்கு ஓடவேண்டும், இல்லை, மண்ணில் நடவேண்டும், இல்லை, தண்ணீரில் போடவேண்டும் என்று மண்டைக்குள் சங்கு ஊதியது. நான் கதிரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். உண்மையாகத்தான். அப்படியே மூன்று நாள், வேலை முடிந்து வந்து, அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அந்த இலையைப் பார்த்தேன். எதையும் செய்யாமலிருப்பது இவ்வளவு களைப்பான வேலை என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் ஓரம் கறுக்கவில்லை.

இலையைக் குறுக்கே பாதியாக வெட்டினாலும் இரண்டும் வேர்விடும் என்று அக்கா ஒருமுறை சொல்லியிருந்தார். வெட்டினேன். மேல்பாதியை யோகட் கோப்பை மண்ணில் குத்திவைத்தேன். காம்புள்ள கீழ்ப்பாதியை அதே பெட்டியில், அதே மடிப்புகளோடு, புதுச் சூட்டுப்பை ஒன்றே ஒன்றை மூடியில் ஒட்டி, திங்கட்கிழமை தபாலகத்துக்குக் கொண்டுபோனேன். பெறுநர் இடத்தில் லைப்சிக் அம்மாவின் பெயர். அனுப்புநர் இடத்தில் என் பெயரை எழுதப் பேனாவை வைத்தேன். அந்தப் பெயர் ஏற்கனவே ஐந்து இலையை அவித்த பெயர். அக்காவின் பெயரை எழுதினேன்.

புதன்கிழமை இல்லத்துப் பெண் அழைத்தாள். லைப்சிக் அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, கட்டிலில் எழுந்து உட்காருகிறார் என்றாள். இலை வந்துவிட்டது, பச்சையாக இருக்கிறது, அனுப்பியவருக்கு நன்றி சொல்லுங்கள், அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள்.

"இது முதல் நாள்தான்" என்றேன். "இன்னும் இரண்டு நாள் பொறுங்கள்."

அவளுடைய கடைசிக் கேள்விக்கு அது பதில் இல்லை என்பது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை திரும்ப அழைத்து, இன்னும் பச்சைதான் என்றாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

வீட்டை ஒப்படைக்க இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. நேற்று, கடைசி முறையாக இருக்கட்டும் என்று அக்காவின் தபால் பெட்டியைத் திறந்தேன். ஒரு விளம்பரத் துண்டு, ஒரு மின்சாரக் கட்டணக் கடிதம், ஒரு வெள்ளை உறை. உறையில் அக்காவின் பெயர், நடுங்கும் கையால், ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாகக் குத்திக் குத்தி எழுதியிருந்தது. பின்பக்கத்தில் லைப்சிக் அம்மாவின் பெயர். அனுப்புநர் ஒருவர், பெறுநர் வேறொருவர்.

உறையை என் வீட்டுக்குக் கொண்டுவந்து, பாதி இலை நிற்கும் யோகட் கோப்பையின் கீழே வைத்தேன். பிரிக்கவில்லை. கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று இரண்டாம் நாள்.